அத்தை இருளர், அண்ணன் மகள் இருளர் இல்லையா? எங்கள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர் அவர்களுக்கு,

நாங்கள் இருளர் என்ற பழங்குடியினர். என் அண்ணன் மகளுக்குப் பழங்குடியினர் சான்று தர முடியாது என்று உங்கள் அலுவலகம் ஆணை அனுப்பியிருக்கிறது. காரணம் இரண்டு வரிதான். பெற்றோரிடம் இனச்சான்று இல்லை என்பது ஒன்று. விசாரணையில் பழங்குடியினருக்குரிய பண்பாட்டுக் கூறுகள் தென்படவில்லை என்பது இன்னொன்று. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆணையில் எழுதாத மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அது விசாரணை அறையில் வாய்வார்த்தையாக வந்தது. "அத்தை கவர்மெண்ட் நர்ஸு. மாசமானா சம்பளம் வருது. இன்னும் எத்தனை தலைமுறைக்கு இதைக் கேட்டுக்கிட்டே இருப்பீங்க?" என்று உங்கள் அலுவலர் ஒருவர் அண்ணனிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு இன்னும் தேவையா என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. பேருந்தில் கேட்டிருக்கிறேன், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டிருக்கிறேன், நான் வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டீ குடிக்கும் நேரத்தில் முகத்துக்கு நேராகவும் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். கேட்கக் கூடாத கேள்வி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுபத்தைந்து வருஷம் போதாதா என்று சொல்பவர்கள் எங்கள் கணக்கு எப்போது தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 18 விழுக்காடு என்றுதான் நெடுநாள் இருந்தது. அந்த வரிசையில் நின்று ஓர் இடம் வாங்கும் அளவுக்குப் படித்தவர்கள் எங்களில் கிட்டத்தட்ட இல்லை. பழங்குடியினருக்கென்று தனியாக 1 விழுக்காடு வந்தது 1990-இல்தான். அப்போது நான் நடக்கப் பழகிய பிள்ளை. 200 பணியிடம் நிரப்பினால் அதில் 2 எங்களுக்கு. அந்த இரண்டையும் பட்டியலில் இருக்கும் அத்தனை பழங்குடிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் இருளர் மட்டும் 1,89,661. மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு. அதற்குப் பிறகு இன்றுவரை முடிந்த கணக்கெடுப்பு எதுவும் நம் கையில் இல்லை. முன்னேறிவிட்டீர்கள் என்று சொல்பவர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்? பெரும்பாலும், கண்ணில் பட்ட ஒருவரை வைத்து. உங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவர் நான்.

சரி, என்னையே எடுத்துக்கொள்ளலாம். ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அரசு வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். நான் எப்படி நர்ஸ் ஆனேன் என்பதைச் சொன்னால் அண்ணனிடம் ஏன் சான்று இல்லை என்பதும் விளங்கும்.

எங்கள் அப்பா செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட வேண்டும். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவோம். என்னை மட்டும் ஆயா தன்னோடு குடிசையில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை, மண் மிதிக்க ஆகமாட்டாள் என்பதுதான் காரணம். படிப்பு எல்லாம் யார் நினைப்பிலும் இல்லை. ஆனால் குடிசை இருந்த இடத்திலிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அதனால் நான் பள்ளிக்குப் போனேன். அண்ணன் ஐந்தாவதோடு நின்று சூளைக்குப் போனார். கல் அறுக்க, காய்ந்த கல்லைத் திருப்பிப் போட, அடுக்க என்று அவர் வளர்ந்தது அங்கேதான். நான் பத்தாவது படித்தபோது எங்கள் தலைமையாசிரியை விடாப்பிடியாக அலைந்து எனக்குச் சான்று வாங்கிக் கொடுத்தார். அன்றைய கோட்டாட்சியர் எங்கள் குடியிருப்புக்கே வந்தார். ஆயாவிடம் பேசினார். யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, இருளர் என்று சான்று கொடுத்தார். அந்தச் சமயத்தில் அண்ணன் சூளையில் இருந்தார். இங்கே இருந்திருந்தால் அவருக்கும் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

பிற்பாடு ஒரு நாள் அதிகாரிகள் அந்தச் சூளைக்குப் போய் விசாரித்தார்கள். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அண்ணன் குடும்பமும் இன்னும் பல குடும்பங்களும் மீட்கப்பட்டன. விடுதலைச் சான்று கொடுத்தது யார் தெரியுமா ஐயா? இதே கோட்டாட்சியர் அலுவலகம். அதற்கான விசாரணை அறிக்கையில் அண்ணன் பெயருக்கு நேராக 'இருளர்' என்று எழுதியிருக்கிறது. அந்த நகலை விண்ணப்பத்தோடு வைத்திருக்கிறோம். கொத்தடிமையாக இருந்ததால் பள்ளிக்குப் போகவில்லை, பள்ளிக்குப் போகாததால் சான்று வாங்கவில்லை, அப்பாவிடம் சான்று இல்லாததால் மகளுக்கும் தர முடியாது என்கிறீர்கள். கொத்தடிமை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மனிதரின் மகள் இவள்.

இது மட்டுமில்லை. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு பிஎம் ஜன்மன் திட்டத்தைத் தொடங்கியது. மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு வீடு, சாலை, குடிநீர் கொடுப்பதற்கான திட்டம். தமிழ்நாட்டில் அப்படி அடையாளம் கண்ட ஆறு குழுக்களில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கரோடு நாங்களும் இருக்கிறோம். அந்தத் திட்டத்தில் எங்கள் குடியிருப்பில் வீடுகள் கட்டப்பட்டன. அண்ணன் பெயரிலும் ஒன்று. இருளர் என்பதற்காகவே கொடுத்த வீடு. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுத்தான் உங்கள் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) "இருளர் என்பதற்கு ஆதாரம் போதவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்போது பண்பாட்டுக் கூறுகளுக்கு வருகிறேன்.

விசாரணையில் 17 வயதுப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" அவள் தெரியாது என்றாள். "எலி பிடிப்பியா?" தாத்தா பிடிப்பார், நான் கூடப் போயிருக்கிறேன் என்றாள். "உங்க சாமி எது?" கன்னியம்மா என்றாள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவோம், மணலில் படுத்திருந்துவிட்டு விடியற்காலையில் கும்பிடுவோம் என்றும் சொன்னாள். "கன்னியம்மாவை எல்லாருந்தான் கும்பிடறாங்க" என்று பதில் வந்தது. அறிக்கையில் கன்னியம்மாவும் இல்லை, மாசி மகமும் இல்லை. 'சரளமாகத் தமிழ் பேசுகிறார், நாகரிகமாக உடை அணிந்துள்ளார், கைப்பேசி வைத்துள்ளார்' என்பது மட்டும் இருக்கிறது. நீலகிரி இருளர் பேசும் மொழி வேறு. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். சுடிதார் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வா என்று சொன்னதும் அரசுப் பள்ளிதான், பாடத்தைக் கைப்பேசியில் அனுப்பியதும் அதே பள்ளிதான்.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் தாத்தா பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தவர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அந்தப் பிழைப்பு போயிற்று. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. காட்டையும் பாம்பையும் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் எங்கள் ஆட்கள்? விறகு வெட்டினார்கள், கரிமூட்டம் போட்டார்கள், அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்தார்கள், சூளைக்குப் போனார்கள். கொத்தடிமை ஆனது அந்த வழியில்தான். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது கொஞ்சம் பேருக்கு வழி பிறந்தது. அங்கேயும் உரிமம் உள்ள உறுப்பினர்கள்தான் பாம்பு பிடிக்கலாம், அதுவும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில்தான். உங்கள் அலுவலகத்தில் கேட்டதற்கு என் அண்ணன் மகள் ஒரு நாகத்தைப் பிடித்துக் காட்டியிருந்தால் அவள் மேல் வழக்குப் போட்டிருப்பார்கள். காட்டுக்குள் போகாதே என்று அரசு தடுத்து ஐம்பது வருஷம் ஆன பிறகு, காட்டில் வாழ்பவர் மாதிரித் தெரியவில்லையே என்று அதே அரசு கேட்பது எந்த நியாயம்?

2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு இருளருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அவர்கள் கையிலிருந்த வித்தைக்காகக் கொடுத்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். எனக்கு அதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பாம்பு கடித்து யாராவது வந்தால் மருந்தைக் கலக்குவது பெரும்பாலும் நான்தான். புட்டியில் வெள்ளைத் தூளாக இருக்கும். அதில் 10 மில்லி நீரை ஏற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரை கட்டிவிடும். முதல் தடவைக்கே பத்துப் புட்டி வரை தேவைப்படும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்து. இந்த நாட்டில் அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு எங்கள் ஆட்கள் எடுத்துக் கொடுப்பது. உருட்டிக்கொண்டே இருக்கும்போது அது நினைவுக்கு வராமல் போகாது. தாத்தா பாம்பு பிடித்தார், நான் மருந்தை ஏற்றுகிறேன். நான் இருளர் இல்லாமல் போய்விட்டேனா? நர்சிங் படிக்க ஆசைப்படுவதால் என் அண்ணன் மகள் இல்லாமல் போய்விடுவாளா?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 2011-இல் ஆனந்த் என்பவரின் பழங்குடிச் சான்று வழக்கிலும், 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தாக்கூர் பழங்குடியினர் தொடுத்த வழக்கிலும், பழக்கவழக்கங்களைக் கேட்டுச் சோதிப்பதை மட்டும் வைத்து ஒருவருடைய உரிமையை முடிவு செய்யக் கூடாது என்று தெளிவாக்கியிருக்கிறது. இடம்பெயர்வு, படிப்பு, மற்றவர்களோடு பழகுவது இவற்றாலெல்லாம் பழக்கங்கள் மாறும் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தந்தைவழி இரத்த உறவினருக்கு முறையாக விசாரித்துக் கொடுத்த சான்றுக்கு எடை உண்டு என்பதும் நீங்கள் அறிந்ததே. என் சான்று அப்படிக் கொடுக்கப்பட்டதுதான். நானும் அண்ணனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உங்கள் ஆர்.ஐ.க்கும் இல்லை. அவர் அறிக்கையிலேயே "விண்ணப்பதாரரின் அத்தை பழங்குடியினர் சான்று பெற்றவர்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பரிந்துரைக்க இயலவில்லை என்று முடித்திருக்கிறார்.

போலிச் சான்று பயம் உங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பழங்குடியினர் பெயரில் போலிச் சான்று வாங்கி, வங்கியிலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்ந்து, விசாரணையை இழுத்தடித்தே ஓய்வு வயதுவரை வந்தவர்கள் உண்டு. அவர்கள் திருடியது எங்களுடைய 200-இல் 2-ஐத்தான். அவர்கள் மேல் எங்களைவிடக் கோபம் யாருக்கு இருக்க முடியும்? சான்றுகளைச் சரிபார்க்கக் கூர்நோக்குக் குழு வேண்டும் என்று 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்காகத்தான். போலிச் சான்றால் கிடைத்த வேலையையும் படிப்பையும் வைத்துக்கொள்ள முடியாது என்று 2017-இல் மறுபடியும் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புகள். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? போலி ஆள் வக்கீல் வைத்துக்கொள்கிறார், பழைய பத்திரத்தைத் தயாரித்துக்கொள்கிறார், காத்திருக்க அவரால் முடிகிறது. பத்திரமே இல்லாத அசல் ஆள் முதல் மேசையிலேயே திரும்பிப் போகிறார். தவறாக ஒரு சான்று கொடுத்தால் அதிகாரிக்கு மெமோ வரும். தவறாக மறுத்தால் எதுவுமே வராது. அதனால் மறுத்துவிடுவது பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. அந்தப் பாதுகாப்புக்கான விலையை எங்கள் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே ஒருவர் தீக்குளித்து இறந்தார். பிள்ளைக்கு மலைக்குறவர் என்ற பழங்குடியினர் சான்று கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் குடியிருப்பில் யாரும் அதை ஆச்சரியமாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மேல்முறையீடு இருக்கிறதே என்பீர்கள். செய்கிறோம். ஆனால் அது முடிவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும். சான்று இல்லாததால் பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பத்தில் என் அண்ணன் மகள் பொதுப் பிரிவில் இருக்கிறாள். செங்கல் சூளையில் பிறந்த இருளர் பெண், இந்த மாநிலத்தில் எந்த ஒதுக்கீடும் தேவைப்படாதவர்களின் பட்டியலில். கல்வி உதவித்தொகையும் சான்று இல்லாமல் கிடைக்காது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதற்கு விதி. அண்ணன் வீட்டு வருமானம் அதன் பக்கத்திலேயே வராது. இந்த இடம் தவறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருப்பாள். பிறகு கல்யாணம் பேசுவார்கள். அதற்கு முன்பணம் கொடுக்கச் சூளைக்காரர்கள் தயாராக இருப்பார்கள்.

நான் ஒருத்தி வேலைக்குப் போனதால் எங்கள் குடியிருப்பில் என்ன மாறியது என்று உங்கள் அலுவலர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள் இப்போது பயப்படுவதில்லை. பெண் பிள்ளைகள் பத்தாவது தாண்டுகிறார்கள். முன்பணம் கொடுக்க வருபவர்கள் எங்கள் தெருவுக்குள் கொஞ்சம் யோசித்து நுழைகிறார்கள். ஒரே ஒரு வேலை செய்த காரியம் இது. இரண்டாவது ஆள் வரட்டும், மூன்றாவது ஆள் வரட்டும். இன்னும் தேவையா என்று அப்புறம் உட்கார்ந்து பேசலாம். முதல் ஆளைக் காட்டியே இரண்டாவது ஆளைத் தடுத்தால் எப்படி?

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. நிராகரிப்பு ஆணையைத் திரும்பப் பெற்று, என் சான்று, உங்கள் அலுவலகத்து விடுதலைச் சான்று, ஜன்மன் வீட்டு ஆணை மூன்றையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு, கலந்தாய்வுக்கு முன்பாக மறு முடிவு எடுங்கள். அப்போதும் மறுப்பதாக இருந்தால், இந்த மூன்றும் ஏன் செல்லாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதிக் கொடுங்கள். என் அண்ணனுக்கும் எங்கள் குடியிருப்பில் சான்று இல்லாத மற்றப் பெரியவர்களுக்கும் விசாரணையைக் குடியிருப்பிலேயே நடத்தி ஒரே முகாமில் சான்று கொடுங்கள். முன்பு இருந்த கோட்டாட்சியர் அப்படித்தான் செய்தார். பாம்பு பிடிப்பாயா, எலி தின்பாயா என்று எந்தப் பிள்ளையிடமும் இனிமேல் கேட்கக் கூடாது என்று உங்கள் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகங்களிலும் எழுத்தில் அறிவுறுத்துங்கள். அண்ணனிடம் அப்படிப் பேசிய அலுவலரை விசாரணைப் பணியிலிருந்து மாற்றுங்கள்.

பழங்குடியினர் நலத் துறைக்கும் இந்த மடலின் நகல் போகிறது. அவர்களிடம் கேட்பது: பிள்ளை ஆறாம் வகுப்பு சேரும்போதே பள்ளி வழியாக விசாரணையை முடித்துச் சான்று கொடுக்கும்படி ஆணையிடுங்கள். பன்னிரண்டாவது முடித்த பிறகு, விண்ணப்பக் கடைசி நாளை வைத்துக்கொண்டு எங்களை ஓட விடாதீர்கள். ஒவ்வொரு கோட்டத்திலும் வருஷத்துக்கு எத்தனை பழங்குடி விண்ணப்பம் வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, என்ன காரணத்துக்காக என்பதை வெளியிடுங்கள். மேல்முறையீட்டில் தவறு என்று தெரியவரும் நிராகரிப்புக்கு, போலிச் சான்று கொடுத்தவரிடம் கேட்பது போலவே விளக்கம் கேளுங்கள்.

மறு விசாரணைக்கு நாள் குறித்தால் அண்ணனும் அவர் மகளும் வருவார்கள். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். தேதியை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோட்டத்தைச் சேர்ந்த இருளர் செவிலியர்